கொழுப்பில்லாத கறி

"அக்கா, காட்டு முயல் ஏதாச்சும் வருமுங்களா?" என்று கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்பார்கள். பனியன் கம்பெனி முதலாளியானாலும் கட்டிங் மாஸ்டரானாலும், கல்லாவுக்குப் பக்கத்தில் வந்து, சுற்றுமுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் அந்தக் கேள்வி வரும். திருப்பூர் அங்கேரிபாளையத்தில் மெஸ் வைத்த நாளிலிருந்து என் பதில் ஒன்றுதான். "வராதுங்க. வந்தாலும் என் அடுப்புல ஏறாதுங்க. ஞாயித்துக்கிழமை வளர்ப்பு முயல் போடறேன், அதைச் சாப்புட்டுப் பார்த்துட்டுச் சொல்லுங்க."

காட்டு முயலைப் பிடிப்பதும் கொல்வதும் அதன் கறியை வைத்திருப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சமைத்துக் கொடுத்தவளும் அதில் மாட்டுவாள். சட்டம் இல்லாமல் இருந்தாலும் நான் இன்று அதைச் சமைக்க மாட்டேன்; காரணத்தைப் பிறகு சொல்கிறேன். முதலில் சொல்ல வேண்டியது வேறு. கேட்டு வருகிறவர்கள் நாக்கில் வைத்துக்கொண்டு தேடும் ருசியில் பாதிதான் முயலுடையது. மீதிப் பாதி அதைச் சமைத்த கிழவிகளுடையது. எங்கள் பக்கம் முயல் வேட்டை என்றால் ஆண்கள் விடியவிடியக் கதை சொல்வார்கள். எந்த நாய் துரத்தியது, யார் வலை, எந்த வேலிச் சந்து என்று ஒன்று விடாமல் வரும். சட்டிக்குள் என்ன நடந்தது என்று எவரும் சொன்னதில்லை. அந்தக் கைப்பக்குவம் வேட்டையோடு சேர்ந்து போய்விடக் கூடாது.

என் அப்புச்சி (அம்மாவின் அப்பா) ஊர் வெள்ளகோவிலுக்கும் மூலனூருக்கும் நடுவில். அந்தப் பக்கத்து ஆட்களுக்குக் கொரங்காடு என்றால் விளக்க வேண்டியதில்லை. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். ஆடுமாடு மேய்வதற்கென்றே விட்டுவைத்த மானாவாரி நிலம். காங்கயம் மாடு பேர் வாங்கியது இந்தப் புல்லைத் தின்றுதான்.

முயலுக்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது. நம் காட்டு முயல் வளை தோண்டாது. புல் புதருக்கடியில் தன் உடம்பு அளவுக்கு ஒரு பள்ளத்தை அமுக்கி வைத்துக்கொண்டு பகல் முழுக்க அதில் படுத்திருக்கும். பிடரியில் கறுப்புத் திட்டு, மற்றதெல்லாம் காய்ந்த புல்லின் நிறம். நம் கால் மேலே படுகிற தூரம் வரும்வரை அசையாது. அந்தி சாய்ந்ததும் மேயக் கிளம்பும். வளர்ப்பு முயலின் குட்டி முடியில்லாமல், கண் திறக்காமல் பிறக்கும். காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே முடியோடு, திறந்த கண்ணோடு பிறக்கும். பெரும்பாலும் ஈற்றுக்கு ஒன்று, இரண்டு.

கிளுவை வேலியில் முயல் போய்வருகிற சந்து அப்புச்சிக்குத் தெரியும். அங்கே முடியும் புழுக்கையும் கிடக்கும். சந்தில் வலையைக் கட்டிவிட்டு, எதிர்ப்பக்கமிருந்து நாய்களை விட்டுப் புதரைத் தட்டிக்கொண்டு வருவார்கள். என் மெஸ்ஸில் சாப்பிடும் தமிழ் வாத்தியார் ஒருவர், பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் இதே வேட்டையைச் சொல்லியிருக்கிறார் என்று விளக்கினார். நாய், புதர், வேலியோரம் வலை, தப்ப வழியில்லாமல் வளைக்கப்பட்ட முயல் எல்லாமே அதில் இருக்கிறதாம். முயலின் காதுக்குத் தாமரையின் புறவிதழைச் சொல்லியிருக்கிறாராம். இரண்டாயிரம் வருடத்துப் பழக்கம் என் அப்புச்சி தோளில் தொங்கியதைக் கேட்டபோது எனக்குச் சிலிர்த்துப் போனது உண்மை. சட்டம் வந்து சில வருடம் ஆகியும் எங்கள் ஊருக்கு அந்தச் சேதி வந்து சேராத காலம் அது.

விடியற்காலையில் முயல் வந்து சேரும். பின்னங்கால்களைக் கட்டி வேப்பமரத்துக் கிளையில் தொங்கவிட்டு, கணுக்காலைச் சுற்றிச் சூரிக்கத்தியால் ஒரு கீறல், தொடையின் உட்பக்கமாக ஒரு கீறல். பிறகு கத்திக்கு வேலையில்லை. வியர்வையில் நனைந்த பனியனைத் தலைவழியாகக் கழற்றுவது போலத் தோலைத் தலைகீழாக உருவிவிடலாம். ஆட்டுத் தோலின் பலம் இதற்குக் கிடையாது. பதறினால் கிழிந்து முடியெல்லாம் கறியில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய முடி எத்தனை தண்ணீருக்கும் போகாது. அதனால் என் அமுச்சி (அம்மாவின் அம்மா) தோல் உரிக்கும்வரை பக்கத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்க விடமாட்டார்.

வயிற்றைத் திறந்ததும் பித்தப்பையை முதலில் எடுக்க வேண்டும். குடலும் பாதமும் நாய்க்கு. ஈரலும் குண்டிக்காயும் உப்பு தடவித் தணலில் சுட்டுப் பிள்ளைகளுக்கு. வலை யாருடையதோ அவருக்கு ஒரு பங்கு, நாய் யாருடையதோ அவருக்கு ஒரு பங்கு, தட்டிக்கொண்டு நடந்தவர்களுக்கு மீதி. ஒரு முயலில் ஒரு வீட்டுக்குச் சேருவது ஒரு கைப்பிடிக் கறிதான். அதனால்தான் குழம்பு தாராளமாக இருந்தது, வெங்காயம் கறிக்குச் சமமாக இருந்தது.

அமுச்சி கறி வெட்டுகிற விதத்தை இன்று எந்தக் கடையிலும் நான் பார்ப்பதில்லை. கறிக்கடைக்காரர் முயலைக் கட்டையில் வைத்துக் கத்தியை ஓங்கித் துண்டு போடுவார். ஆட்டு எலும்பு அதற்குத் தாங்கும். முயலின் எலும்பு மெல்லியது. வெட்டு விழுந்ததும் ஊசி ஊசியாகச் சிதறி, குழம்போடு தொண்டைக்குள் போகும். அமுச்சி ஓங்கியதே கிடையாது. இடது கைக் கட்டைவிரலால் மூட்டைத் தடவிப் பார்த்து, இரண்டு எலும்பும் சேர்கிற இடத்தில் கத்தி நுனியை நுழைத்து ஒரு திருப்பு. தொடை தனி, முழங்கால் தனி, முன்சப்பை தனி. முதுகு மட்டும் மூன்று துண்டு, அதுவும் முள்ளெலும்பின் இடுக்கில்.

முதுகுக் கறிமேல் வெள்ளியாய் மினுங்கும் ஒரு ஜவ்வு இருக்கும். அதை நகத்தால் கிள்ளி எடுத்துக் கத்தியால் சீவிவிட வேண்டும். சீவாவிட்டால் சூட்டில் சுருங்கி, உள்ளிருக்கும் கறியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். எத்தனை நேரம் வெந்தாலும் அந்தத் துண்டு பல்லுக்கு ரப்பராகத்தான் வரும்.

அடுத்தது காத்திருப்பது. காலையில் வந்த முயலை அமுச்சி காலையிலேயே அடுப்பில் ஏற்றியதில்லை. ஓடிக் களைத்துச் செத்த உடம்பு விறைத்திருக்கும். அந்த விறைப்பு இறங்காமல் சட்டியில் போட்டால் விறகுதான் செலவாகும். மஞ்சளும் கல்லுப்பும் பிசறி, ஈரத்துணி மூடி, உறியில் பொழுது சாயும்வரை தொங்கும். நாங்கள் பள்ளிக்கூடம் போய்விட்டு வந்து உறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

மண்சட்டியில் செக்குக் கடலெண்ணெய். ஆட்டுக்கறிக்கு ஊற்றுவதைவிட இருமடங்கு. சின்ன வெங்காயம் உரித்து முழுசாகவே போட்டுக் கண்ணாடியாகும்வரை வதக்கி, அதற்குப் பிறகுதான் கறி. முதலில் கறி தன் தண்ணீரை விடும். அந்தத் தண்ணீர் வற்றி, எண்ணெயில் கறி சத்தம் போட ஆரம்பிக்கும்வரை கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும். காட்டு முயலின் மண்வாடை போவது இந்த இடத்தில்தான். மசாலைக் கூட்டிப் போட்டால் போகாது. பிறகு வறுத்து அம்மியில் அரைத்த மசால். மல்லி, வரமிளகாய், சீரகம், மிளகு, கொஞ்சம் கசகசா. தக்காளி அப்போது எங்கள் கறிச்சட்டிக்குள் வந்ததில்லை.

மசால் சேர்த்தபின் கொதிக்கிற தண்ணீர் கறி மூழ்குகிற அளவுக்கு மட்டும். சட்டியின் மேல் குழிவான மண்மூடி, மூடிக்குள் ஒரு சொம்புத் தண்ணீர். உள்ளே எழும்பும் ஆவி குளிர்ந்த மூடியில் முட்டித் திரும்பச் சட்டிக்குள்ளேயே சொட்டும். மூடித் தண்ணீர் சுட்டதும் அதையே சட்டிக்குள் ஊற்றிவிட்டு, மூடிக்குப் பச்சைத் தண்ணீர். குழம்பு ஒரு முறைகூடத் தளதளவென்று கொதிக்கக் கூடாது. வெள்வேல விறகை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தணலை மட்டும் விடுவார். "ஏங்கண்ணு, இதுக்குக் கொழுப்பு இல்ல. அவசரப்பட்டா நாராப் போயிரும்" என்று எத்தனை முறை சொல்லியிருப்பார்!

தொடை எலும்பைக் கரண்டியால் தட்டினால் கறி தானாக நழுவ வேண்டும். அதுதான் பதம். அரைத்த தேங்காய் சேர்த்து ஒரு கொதி, இறக்கிவிடலாம். கம்மஞ்சோறு உருண்டையில் குழி பறித்து அதில் ஊற்றுவார்கள். மறுநாள் காலை பழையதோடு சட்டியடிக் குழம்பு, அதற்குத்தான் எங்களுக்குள் அடிதடி.

அமுச்சி சொன்ன அந்தக் கொழுப்பு விஷயம் எவ்வளவு பெரியது என்று வெகுகாலம் கழித்துத்தான் விளங்கியது. வட துருவப் பக்கம் சுற்றிய ஸ்டெஃபன்சன் என்ற பயணி, அங்கே முயலை மட்டுமே தின்று காலம் தள்ள நேர்ந்தவர்கள் வயிறு முட்டச் சாப்பிட்டும் பசி அடங்காமல், வயிற்றுப்போக்கில் விழுந்து ஒடுங்கிப் போவதை எழுதி வைத்திருக்கிறார். கொழுப்பே இல்லாத கறியை மட்டும் வைத்து உடம்பு ஓடாது. அதனால் முயல் தின்ற ஒவ்வொரு நாட்டுச் சமையல்காரியும் கொழுப்பை வெளியிலிருந்து கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். ஐரோப்பாவில் பன்றிக் கொழுப்பை நீளமாக வார்ந்து, ஊசியில் கோத்து முயலின் முதுகுக் கறிக்குள் தைப்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒயினில் நிதானமாக வேகவைத்து, முயலின் ரத்தத்தையே கடைசியில் ஊற்றிக் குழம்பைக் கெட்டியாக்குவார்கள். நமக்குக் கடலெண்ணெயும் தேங்காயும் கசகசாவும். யாரும் யாரிடமும் கேட்டுச் செய்ததில்லை. கறி எல்லாருக்கும் ஒரே பாடத்தைத்தான் நடத்தியிருக்கிறது.

கல்யாணமாகித் திருப்பூர் வந்து, ஒரு பனியன் கம்பெனி கேண்டீனில் கரண்டி பிடித்து, பிறகு சொந்தமாக மெஸ் வைத்தேன். சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை கறி. இந்த ஊரின் நாக்குக்கு அதுதான் காலண்டர். மெஸ் ஆரம்பித்த புதிதில், ராத்திரி கடை எடுத்து வைக்கிற நேரத்துக்கு மஞ்சப்பையோடு பைக்கில் ஆட்கள் வருவார்கள். பைக்குள் இரண்டு, மூன்று முயல். எப்படிப் பிடித்தது என்று கேட்க வேண்டியதில்லை. தலையில் பேட்டரி லைட்டைக் கட்டிக்கொண்டு போவது. வெளிச்சம் கண்ணில் பட்டதும் முயல் அப்படியே உட்கார்ந்துவிடும். கட்டையால் ஒரே அடி. நாய் ஓட வேண்டாம், வலை கட்ட வேண்டாம், தடம் தெரிய வேண்டாம்.

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். அப்புச்சி காலத்தில் நாள் முழுக்க நடந்தும் வெறுங்கையோடு திரும்புவார்கள். முயலுக்குத் தப்ப வழி இருந்தது. லைட்டுக்கு முன்னால் அது கிடையாது. பால் கொடுக்கிற பெட்டையா, சினையா என்று அந்த அடி பார்ப்பதில்லை. ஒரு பெட்டை செத்தால் புல்லுக்குள் கிடக்கும் ஒன்றிரண்டு குட்டியும் சேர்ந்துதான் சாகும். பொங்கல் முடிந்த மறுநாள் வேட்டைக்குப் போகும் வழக்கம் இன்னும் பல ஊர்களில் விடவில்லை. வனத்துறை அந்த நாட்களில் ரோந்து வருகிறது. சாமி பேரைச் சொல்லிப் போகிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு, வியாபாரத்துக்குப் போகிறவர்களிடம் மன்னிப்பே கிடையாது.

முயல் ஒதுங்கும் இடமும் குறைந்துகொண்டே வருகிறது. கிளுவை வேலியைப் பிடுங்கிவிட்டுக் கல்லுக்கால் நட்டுக் கம்பி இழுக்கிறார்கள். கொரங்காடு சைட்டாகிறது, காற்றாலைக்குப் பாதையாகிறது. காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கமெல்லாம் பட்டிக்குள் புகுந்து ஆட்டையே கடித்துக் கொல்லும் தெருநாய்க் கூட்டத்தால் விவசாயிகள் இழப்பீடு கேட்டுப் போராடும் நிலை. பட்டி ஆட்டுக்கே இந்தக் கதி என்றால் தரையில் படுத்துக் கிடக்கும் முயலை யார் காப்பாற்றுவது? இத்தனைக்கும் மேல் என் சட்டியும் வேண்டாம்.

வளர்ப்பு முயலுக்கு வருகிறேன். இது காட்டு முயலைப் பிடித்துப் பழக்கியதல்ல. ஐரோப்பாவில் வளை தோண்டி வாழ்ந்த வேறொரு சாதி முயலின் வம்சம். இரண்டையும் இணை சேர்த்தாலும் குட்டி பிறக்காது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு, முயல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா போன்ற இறைச்சி இனங்கள் அங்கே உண்டு. சினைக்காலம் ஏறக்குறைய ஒரு மாதம். மூன்று, நான்கு மாதத்தில் இரண்டு கிலோ தொட்டுக் கறிக்குத் தயார்.

இதைக் காட்டு முயல் என்று நினைத்துச் சமைப்பதுதான் பெரும்பாலான கடைகளில் நடக்கிற தப்பு. காட்டு முயலின் கறி கருஞ்சிவப்பு. வாழ்நாளெல்லாம் ஓடிய தசை. கூண்டு முயலின் கறி வெளுப்பு. நாட்டுக்கோழி நெஞ்சுக்கறி நிறம். அதைக் குக்கரில் வைத்து நான்கு விசில் விட்டால் பஞ்சாகிவிடும். பிறகு அந்த வறட்சியை மறைக்க மசாலைக் கொட்டி, "முயல்னாலே இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். முயலுக்கு இதைவிடப் பெரிய அவமானம் கிடையாது.

அமுச்சியிடமிருந்து நான் அப்படியே வைத்துக்கொண்டவை மூட்டில் வெட்டுவது, ஜவ்வைச் சீவுவது, மஞ்சள் உப்புப் பிசறி ஊறவிடுவது, எண்ணெயில் கை தாராளம், மூடியில் தண்ணீர். மாற்றிக்கொண்டது நேரத்தை. பின்தொடையும் முன்சப்பையும் முதலில் போகும். அவை முக்கால் பதம் வந்தபிறகுதான் முதுகுத் துண்டு. மொத்தமும் அரை மணிக்குச் சற்று மேலே. குண்டிக்காயைச் சுற்றி வளர்ப்பு முயலுக்குக் கொஞ்சம் வெள்ளைக் கொழுப்பு இருக்கும்; சுத்தம் செய்கிறவர்கள் அதை வழித்து எறிவார்கள். நான் அதை வாங்கி, எண்ணெயோடு முதலில் உருக்கிவிட்டுத்தான் வெங்காயம் போடுவேன். மிளகைக் கூட்டி மிளகாயைக் குறைக்க வேண்டும். இந்தக் கறிக்கு மிளகாயின் காட்டம் தாங்காது. வறுவலாக வேண்டுமென்றால் தேங்காய்ப் பல்லும் கறிவேப்பிலையும் கடைசி ஐந்து நிமிடம்.

மெஸ்ஸில் இப்போது பாதிக்குமேல் வடக்கத்திப் பையன்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்து செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு சந்தாலிப் பையன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முயல் வறுவலை வாயில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. "அக்கா, எங்க ஊர்ல இத இலைல வச்சு சுடும்" என்றான். அரிசி மாவில் கறியைப் பிசைந்து, சால மரத்து இலைக்குள் மடித்து, தணலில் வேகவைக்கும் ஜில் பிட்டாவைக் கையால் மடித்துக் காட்டினான். தல்மா மலையில் வருடா வருடம் நடக்கும் செந்திரா வேட்டையைப் பற்றியும் சொன்னான். அந்த மலை சரணாலயம். அங்கேயும் வனத்துறை வேட்டை வேண்டாமென்று பேசிப் பார்க்கிறது. "உங்க ஊர்ல யாரு சமைப்பாங்க?" என்று கேட்டேன். "பாட்டி" என்றான். அடுத்த வாரம் வாழை இலையில், அரிசி மாவோடு அவன் சொன்னபடி செய்து பார்த்தோம். சால இலையின் மணம் இல்லை. ஆனால் மாவு கறியின் சாறை வெளியே விடாமல் பிடித்து வைத்தது. எண்ணெய் பாதிகூடத் தேவைப்படவில்லை. கொழுப்பில்லாத கறிக்கு எங்கள் அமுச்சி கண்ட வழி ஒன்று, அவன் பாட்டி கண்ட வழி இன்னொன்று. இப்போது இரண்டும் என் மெஸ்ஸில் இருக்கிறது.

முயல் வளர்க்கலாமா என்று யோசனை கேட்டு வருகிறவர்களிடம் ஒன்று சொல்லிவிடுவேன். குட்டியைக் கொடுத்து, வளர்த்தபின் நாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று எவராவது பணம் கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். 2012-இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் போட்ட காசு போன கதை இந்தச் சீமையில் எல்லாருக்கும் தெரியும். பத்துப் பெட்டை, இரண்டு கிடாவோடு ஆரம்பியுங்கள். வேலிமசாலும் அகத்தியும் வீட்டுப் பக்கத்திலேயே போடுங்கள். வாங்குகிற மெஸ்ஸும் வீடும் முதலில், கூண்டு அப்புறம். இரண்டு கிலோவில் விற்க அவசரப்படாமல் இன்னும் ஒரு மாதம் வைத்திருந்தால் தீவனச் செலவு ஏறும், ஆனால் கறியில் கொஞ்சம் கொழுப்புப் பிடிக்கும். அதற்குண்டான விலையை நான் கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.